வெளிநாட்டுத் தளத்தில் எலக்ட்ரானிக்ஸ் வாங்கினால் உண்மையில் மிச்சமா? ஏற்காடு காபித் தோட்டத்துக்கு ஒரு கணக்கு வேணும்

சேர்வராயன்_மிளகு கேட்டது:

வணக்கம்ங்க. ஏற்காட்டில் ஆறு ஏக்கர் அராபிகா, நிழலுக்கு சில்வர் ஓக், அதில் மிளகுக் கொடி. இலையில் எத்தனை மணி நேரம் ஈரம் நிற்கிறது என்று தெரிந்தால் இலைத் துரு நோய்க்கு மருந்தடிக்கும் நேரத்தை ஓரளவு சரியாகப் பிடிக்கலாம். அதனால் தோட்டத்தில் பத்து இடத்தில் சின்ன நிலையம் நட்டு, தகவலை லோரா ரேடியோ வழியாக வீட்டுக்குக் கொண்டுவர யோசனை. கூடவே சாம்பிள் வறுக்க ஒரு சின்ன ரோஸ்டரும், பார்க்க ஒரு லேப்டாப்பும் வேணும்.

இங்கே விசாரித்தால் விலை அதிகம். வெளிநாட்டுத் தளங்களில் பாதிதான் போட்டிருக்காங்க. இப்போது கூடையில் இருப்பவை:

இலை ஈர சென்சார், ஆர்எஸ்485 வகை (கம்பி வழியாகத் தகவல் தருவது), 10 எண்ணம், ஒன்று 40 டாலர்
இஎஸ்பி32 என்ற கட்டுப்பாட்டுச் சிப் சேர்ந்த லோரா போர்டு, 915 மெகாஹெர்ட்ஸ், 11 எண்ணம்
18650 லித்தியம் செல், 20 எண்ணம்
சாம்பிள் ரோஸ்டர், 120 வோல்ட், 1,000 வாட்
ரிஃபர்பிஷ்டு லேப்டாப் ஒன்று, ஏலத் தளத்தில்

எதை வரவழைத்தால் மிச்சம், எதைத் தொடவே கூடாது? சுங்க வரி ஒரு இடத்தில் 42 சதவீதம் என்கிறார்கள், இன்னொரு இடத்தில் 77 என்கிறார்கள். எதை நம்புவது?

ஐந்துரோடு_சால்டரிங் பதில்:

கூடையை அப்படியே ஆர்டர் போட்டுடாதீங்க. அந்த ஐந்தில் வரவழைக்கத் தகுந்தது இலை ஈர சென்சார் ஒன்றுதான். மற்றதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், முதலில் வரிக் கணக்கு. அது தெரியாமல் தளத்து விலையையும் கடை விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பொருளே இல்லை.

நீங்க பார்த்த 42, 77 இரண்டுமே அந்தந்தக் காலத்தில் சரியாக இருந்தவை. சொந்த உபயோகத்துக்குத் தபாலிலோ கூரியரிலோ வரும் பொருளைச் சுங்கத் துறை 9804 என்ற ஒரே வரித் தலைப்பில் போடும். சார்ஜர், கேமரா, மீட்டர் எதுவானாலும் ஒரே விகிதம். அடிப்படை வரி 10, அதன் மேல் பத்தில் ஒரு பங்கு சமூக நலக் கூடுதல் வரி, எல்லாம் சேர்ந்த தொகையின் மேல் 28 ஐஜிஎஸ்டி (இறக்குமதிப் பொருளுக்குப் போடும் ஜிஎஸ்டி) என்று இருந்தபோது மொத்தம் 42.08 வந்தது. அடிப்படை வரி 35 ஆனபோது அதே கணக்கு 77.28 ஆனது. பிறகு 2025 பட்ஜெட்டில் 20 ஆகவும், 2026 பட்ஜெட் அறிவிப்பில் 10 ஆகவும் இறங்கியது. 2025 செப்டம்பர் 22-இல் ஜிஎஸ்டி அடுக்குகளும் மாறின. ஆகவே பழைய பதிவில் இருக்கும் சதவீதத்தை எடுத்துக் கணக்குப் போடக் கூடாது. ஆர்டர் போடும் அன்று சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்தில் உள்ள சுங்க வரிக் கணிப்பானில் தலைப்பு எண்ணைக் கொடுத்து விகிதத்தை எடுத்துக்கோங்க. கணக்குப் போடும் முறை மட்டும் எப்போதும் ஒன்றுதான்.

டாலர் 90 ரூபாய், அடிப்படை வரி 10, ஐஜிஎஸ்டி 18 என்று வைத்து, ஒரே ஒரு சென்சாருக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

பொருள் 40 டாலர், அதாவது 3,600 ரூபாய். கூரியர் 12 டாலர், 1,080 ரூபாய். வரி போடும் மதிப்பு என்பது பொருள், போக்குவரத்து, இன்சூரன்ஸ் மூன்றும் சேர்ந்தது. இதில் நமக்குச் சாதகமான ஒரு விதி இருக்கிறது: விமானத்தில் வரும் சரக்குக்குப் போக்குவரத்துச் செலவைப் பொருள் விலையின் 20 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது. அதனால் 1,080 கொடுத்திருந்தாலும் மதிப்பில் 720 தான் சேரும். இன்சூரன்ஸ் ரசீது தனியாக இல்லையென்றால் 1.125 சதவீதம், 40.50. ஆக மதிப்பு 4,360.50. அடிப்படை வரி 436, கூடுதல் வரி 44, இவை சேர்ந்த தொகைக்கு ஐஜிஎஸ்டி 871. மொத்த வரி 1,351.

இத்தோடு முடியவில்லை. கார்டில் டாலர் செலவு செய்தால் வங்கி மாற்றுக் கட்டணம் பெரும்பாலும் 2 முதல் 3.5 சதவீதம், அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. 3.5 என்று வைத்தால் 193 ரூபாய். கூரியர் கம்பெனி நமக்காக வரியைக் கட்டி, அதற்கு ஒரு கையாளும் கட்டணம் போடும். அதை ஜிஎஸ்டியோடு 708 என்று வைப்போம். எல்லாம் கூட்டினால் 6,932. தளத்தில் 3,600 என்று தெரிந்த பொருள் கைக்கு வரும்போது 1.93 மடங்கு.

இதையே பத்து சென்சாருக்கு, கூரியர் 30 டாலர் என்று போட்டுப் பாருங்க. பொருள் 36,000, கூரியர் 2,700, மதிப்பு 39,105, வரி 12,115, கார்டு 1,598, கையாளும் கட்டணம் அதே 708. மொத்தம் 53,121. ஒன்றுக்கு 5,312, அதாவது ஏறக்குறைய 1.48 மடங்கு. கூரியரும் கையாளும் கட்டணமும் எண்ணிக்கையோடு அதே அளவில் ஏறுவதில்லை, அங்கேதான் மிச்சம். உள்ளூரில் அதே சென்சார் 5,300-க்குள் கிடைத்தால் இங்கேயே வாங்குங்க. ஆறாயிரத்துக்கு மேல் சொன்னால் வரவழைப்பது லாபம். இடையில் என்றால் உள்ளூரே மேல். பழுதான பொருளைத் திருப்பித் தருவது இங்கேதான் சுலபம்.

பணம் கட்டும்போது ஒன்று கவனிங்க. தளம் "ரூபாயில் செலுத்தவா, டாலரிலா" என்று கேட்கும். டாலரையே தேர்ந்தெடுங்க. ரூபாய் என்று கொடுத்தால் மாற்று விகிதத்தைத் தளத்தின் பணப் பரிமாற்றக்காரர் நிர்ணயிப்பார், அது வங்கி விகிதத்தைவிட மோசமாகவே இருக்கும். கார்டில் சர்வதேசப் பரிவர்த்தனை வசதி 2020 அக்டோபரிலிருந்து தானாக வருவதில்லை. வங்கிச் செயலியில் போய் நீங்களே திறந்து, வரம்பும் வைக்கணும்.

சில பெரிய தளங்கள் வரியை முன்கூட்டியே "இறக்குமதிக் கட்டண முன்பணம்" என்று பிடித்துக்கொள்ளும். உண்மையான வரி குறைவாக வந்தால் மீதியைத் திருப்பித் தரும். புதிதாக வரவழைப்பவருக்கு இந்த வழிதான் நல்லது, வீட்டு வாசலில் அதிர்ச்சி இருக்காது.

சூரமங்கலம்_பார்சல் பதில்:

மேலே போட்ட கணக்கு சரி. ஆனால் இந்தக் கேள்வியில் அதற்கு முன்னால் பார்க்க வேண்டிய ஒன்று விட்டுப்போச்சு.

இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு எண், ஐஇசி, இல்லாமல் தனிநபர் வரவழைக்கலாம் என்பது "வணிகம், உற்பத்தி, விவசாயம் ஆகியவற்றோடு தொடர்பில்லாத சொந்த உபயோகம்" என்றால் மட்டும். விவசாயம் என்ற சொல் விதியிலேயே இருக்கு. காபித் தோட்டத்தில் நடப் போகும் பத்து சென்சார் சொந்த உபயோகம் ஆகாது. அதுவும் ஒரே பொருள் பத்து எண்ணம் என்று பெட்டியைப் பார்த்ததும் அதிகாரி ஐஇசி கேட்பார். அப்போது கையில் இல்லையென்றால் பார்சல் அங்கேயே நிற்கும், நாள் கூடக் கூட இருப்புக் கட்டணமும் ஏறும்.

ஐஇசி எடுப்பது பெரிய வேலை இல்லைங்க. வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககத்தின் தளத்தில் பான், வங்கிக் கணக்கு, ரத்து செய்த காசோலை, முகவரிச் சான்று வைத்து விண்ணப்பம். கட்டணம் 500 ரூபாய். எடுத்த பிறகு வருஷா வருஷம் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் உள்ளே போய் விவரங்களை உறுதி செய்யணும், மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும். மறந்தால் எண் முடங்கும்.

ஐஇசி வைத்துக் கொண்டுவந்தால் 9804 கிடையாது, பொருளுக்கு உரிய தலைப்பில்தான் வரி. இது நஷ்டம் என்று நினைக்க வேண்டாம். அளவைக் கருவிகள் இருக்கும் 90-ஆம் அதிகாரத்தில் பல தலைப்புகளுக்கு அடிப்படை வரி 7.5. அப்படி அமைந்தால் மொத்தம் 27.74 சதவீதம் ஆகும், மேலே உள்ள 39,105 மதிப்புக்கு வரி 10,846. ஆயிரத்து இருநூறுக்கு மேல் குறையும். ஐஇசி கட்டணம் முதல் ஆர்டரிலேயே வந்துவிடும். விற்பவரின் இன்வாய்ஸில் பொருளின் பெயர் தெளிவாக இருக்கணும்: "இலை மேற்பரப்பு ஈரம் அளக்கும் கருவி, ரேடியோ இல்லை, பேட்டரி இல்லை" என்ற பொருள்பட ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்க. வெறுமனே "எலக்ட்ரானிக் பாகம்" என்று எழுதினால் எந்தத் தலைப்பு என்று கேள்வி வந்து நாள் போகும்.

ஐஜிஎஸ்டியைத் திரும்ப எடுக்கலாமா என்று அடுத்துக் கேட்பீங்க. ஜிஎஸ்டி பதிவு இருந்து, வரி கட்டும் விற்பனை இருந்தால் உள்ளீட்டு வரியாக எடுக்கலாம். சொந்த நிலத்தில் விளைந்ததை மட்டும் விற்கும் விவசாயிக்குப் பதிவு தேவையில்லை. பதிவு இல்லையென்றால் அந்த 18 சதவீதம் செலவுதான். நீங்களே வறுத்துப் பொட்டலம் போட்டு விற்று, அதற்குப் பதிவு வைத்திருந்தால் ஆடிட்டரிடம் கேட்டு, ஆர்டர் போடும் முன்பே கூரியரிடம் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்துடுங்க. பில் ஆஃப் என்ட்ரி என்கிற சுங்க இறக்குமதிப் பத்திரத்தில் எண் ஏறாவிட்டால் பிறகு சரி செய்வது பெரும்பாடு.

இனி மற்றப் பொருட்கள்.

லோரா போர்டு வேண்டவே வேண்டாம். ரேடியோ உள்ள எதற்கும் தொலைத்தொடர்புத் துறையில் அலைவரிசைகளைக் கவனிக்கும் டபிள்யூபிசி பிரிவு தரும் ஈடிஏ என்ற கருவி ஒப்புதல் இருக்கணும். அதைவிடப் பெரிய தப்பு அந்த 915. அது அமெரிக்க அலைவரிசை. நம் நாட்டில் இதுமாதிரிக் கருவிகளுக்கு உரிமம் இல்லாமல் அனுமதித்திருப்பது 865-இல் தொடங்கும் பட்டை. 915-இல் ஒலிபரப்பினால் வேறொருவருக்கு ஒதுக்கிய இடத்தில் கை வைத்த மாதிரி. ஒப்புதல் உள்ள மாட்யூலை இந்தியக் கடைகளிலேயே வாங்கி, ஈடிஏ சான்றிதழின் நகலைக் கேட்டு வாங்குங்க.

18650 செல்லும் வேண்டாம். தனியாக வரும் லித்தியம் அயான் செல்லைப் பயணிகள் விமானத்தில் ஏற்றுவது 2016 ஏப்ரலிலிருந்து தடை. சரக்கு விமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இல்லாமல், அபாயப் பொருள் அறிவிப்போடு வரணும். சின்ன விற்பனையாளர்கள் இதை மறைத்து "பொம்மை" என்று எழுதி அனுப்புவாங்க. ஸ்கேனில் தெரிந்தால் பெட்டி முழுக்கப் போகும், கூட வைத்த நல்ல சென்சாரும் சேர்ந்து. இங்கே ஐஎஸ் 16046 தரப் பதிவு உள்ள செல் கிடைக்குது, அதையே வாங்குங்க.

ரிஃபர்பிஷ்டு லேப்டாப்: பழைய கணினி, லேப்டாப் இறக்குமதிக்கு அரசின் தனி அனுமதி வேணும். சொந்த உபயோகம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. புதியது என்றால் ஒன்றே ஒன்று, தபால் அல்லது கூரியரில், உரிய வரி கட்டி வரவழைக்கலாம். 2023 ஆகஸ்டில் லேப்டாப் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோதும் இந்த ஒரு எண்ணத்துக்கு விலக்கு கொடுத்திருக்காங்க. ஆனாலும் 9804 வரியும் கூரியரும் சேர்ந்தால் இங்கே கடையில் தள்ளுபடியில் கிடைப்பதைவிட மலிவாக வராது. வெளிநாட்டில் இருந்து யாராவது ஊருக்கு வருகிறார்கள் என்றால் அது வேறு: 18 வயது நிறைந்த ஒவ்வொரு பயணிக்கும் ஒரு லேப்டாப் வரியில்லாமல் கொண்டுவரச் சலுகை உண்டு. வாரன்டி இந்தியாவில் செல்லுமா என்று அந்த மாடல் எண்ணை வைத்துக் கேட்டுக்கோங்க.

சேர்வராயன்_மிளகு:

ரொம்ப நன்றிங்க. விவசாயம் என்ற சொல் இருப்பது தெரியவே தெரியாது. இன்னும் இரண்டு சந்தேகம். சென்சார் விற்பவர், "பத்தையும் இரண்டு பெட்டியாகப் பிரித்து, கிஃப்ட் என்று எழுதி, விலையை எட்டு டாலராகக் காட்டி அனுப்புகிறேன்" என்கிறார். எல்லாரும் இப்படித்தான் வாங்குகிறார்களாம். செய்யலாமா? ரோஸ்டருக்கு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் போட்டால் ஓடுமா?

சூரமங்கலம்_பார்சல்:

செய்யாதீங்க. கிஃப்ட் என்ற வழியே 2019 டிசம்பரில் அடைபட்டது. உயிர்காக்கும் மருந்தும் ராக்கியும் தவிர எதையும் கிஃப்ட் என்று வரியில்லாமல் கொண்டுவர முடியாது. முழு வரி கட்டினால் கொண்டுவரலாம், ஆக அந்தச் சொல்லால் ஒரு பைசா மிச்சமில்லை.

விலையைக் குறைத்துக் காட்டுவது இன்னும் மோசம். அதிகாரி அதே பொருளைத் தளத்தில் தேடி விலை பார்ப்பார், நீங்க பணம் கட்டிய கார்டு விவரத்தைக் கேட்பார். பொய் என்று தெரிந்தால் சுங்கச் சட்டம் 111-ஆம் பிரிவில் பறிமுதல், 112-இல் அபராதம், பொருளை மீட்க 125-இல் தனித் தொகை. இறக்குமதியாளர் நீங்கதான், வெளிநாட்டில் இருப்பவர் இல்லை. இன்னொன்றும் இருக்கு: பெட்டி வழியில் தொலைந்தாலோ உடைந்தாலோ இழப்பீடு இன்வாய்ஸில் உள்ள எட்டு டாலருக்குத்தான் கிடைக்கும்.

அவரிடம் உண்மையான விலையோடு, ஒரே பெட்டியில், ஒரே இன்வாய்ஸில் அனுப்பச் சொல்லுங்க. மறுத்தால் வேறு ஆளைப் பாருங்க. இந்தத் துறையில் நேர்மையான இன்வாய்ஸ் கொடுப்பவர்தான் பழுதான பொருளுக்கும் மாற்று அனுப்புவார்.

அஸ்தம்பட்டி_வைண்டிங் பதில்:

ரோஸ்டர் விஷயத்துக்கு நான் சொல்றேன். முதலில் பெயர்ப்பலகையைப் படம் கேட்டு வாங்குங்க. 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் பிளக் மாற்றினால் போதும். லேப்டாப் அடாப்டர், கேமரா சார்ஜர் எல்லாம் அப்படித்தான் இருக்கும். சூடேற்றும் சாதனங்கள் பெரும்பாலும் அப்படி இருக்காது. 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் போட்டிருந்தால் கவனம் வேணும்.

அதை நேராக நம் 230-இல் சொருகினால் ஹீட்டர் 3.67 மடங்கு வாட் இழுக்கும், அதாவது 1,000 வாட் கம்பி 3,670 வாட். ஃப்யூஸ் முந்திக்கொண்டால் தப்பித்தது, இல்லையென்றால் கம்பியும் கண்ட்ரோல் போர்டும் போச்சு.

டிரான்ஸ்பார்மர் போடலாம். 1,000 வாட்டுக்கு 1,500 விஏ-க்குக் குறையாமல், 50 ஹெர்ட்ஸுக்கு என்று சொல்லிக் கட்டச் சொல்லணும். 60-க்கு மட்டும் வடிவமைத்த இறக்குமதி டிரான்ஸ்பார்மரை நம்ம 50-இல் போட்டால் கோர் நிறைவு அடைந்து சும்மா இருக்கும்போதே கொதிக்கும். ஆட்டோ டிரான்ஸ்பார்மர் மலிவு, எடை குறைவு. ஆனால் அதில் இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பிரிந்திருக்காது, நியூட்ரல் கம்பி உள்ளே அறுந்தால் 120 பக்கத்துக்கு முழு 230 வரும். எர்த் கம்பியை இரண்டு பக்கமும் தொடர்ச்சியாக இழுக்கச் சொல்லுங்க. மலையில் இடி அதிகம், எர்த் இல்லாமல் எதையும் ஓட்டாதீங்க.

டிரான்ஸ்பார்மரால் சரி செய்ய முடியாதது ஹெர்ட்ஸ். ஏசி இண்டக்‌ஷன் மோட்டாராக இருந்தால் 60-க்குப் பதில் 50-இல் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். டிரம் மெதுவாகச் சுற்றும், காற்று விசிறி மெதுவாக ஓடும். காற்று குறைந்தால் சாஃப் என்கிற வெள்ளிச் சவ்வு வெளியேறாமல் உள்ளேயே கருகும், கொட்டையின் வெளிப்பக்கம் கருகி உள்ளே பச்சையாக நிற்கும். சாம்பிள் வறுப்பது ருசி பார்க்கத்தானே? ருசியே தப்பாகக் காட்டும் ரோஸ்டர் எதற்கு? டிசி மோட்டார் உள்ள மாடலுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

எடையையும் பாருங்க. ரோஸ்டர் பெட்டி பெரிசு, கூரியர் நிஜ எடைக்கும் கன அளவு எடைக்கும் எது அதிகமோ அதற்குத்தான் காசு வாங்கும். நீளம், அகலம், உயரம் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்தால் கன அளவு எடை கிலோவில் வரும். 50 × 40 × 40 பெட்டி 16 கிலோ. உள்ளே ஏழு கிலோ பொருள் இருந்தாலும் 16-க்குத்தான் கட்டணம். டிரான்ஸ்பார்மர் செலவும் சேர்த்தால் 230 வோல்ட் மாடலை இங்கேயே வாங்குவதுதான் கட்டுப்படியாகும். கட்டாயம் அந்த மாடல்தான் வேணும் என்றால், அதே கம்பெனி ஐரோப்பாவுக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் விற்கிறதா என்று கேளுங்க.

ஐந்துரோடு_சால்டரிங்:

அப்போ மிஞ்சியது சென்சார். அதை ஒழுங்காக வாங்கிவிடலாம். சில நுணுக்கம் மட்டும்.

பத்தையும் ஒரே தடவை போடாதீங்க, முதலில் இரண்டு. ஒன்றுக்கு விலை கூடுதல் ஆனாலும், தோட்டத்து மூடுபனியில் அது என்ன காட்டுகிறது என்று பார்க்காமல் பத்து வாங்குவது சரியில்லை. இலை ஈர சென்சார் என்ற பெயரில் மண் ஈர சென்சாரையே பெட்டி மாற்றி விற்பவர்கள் உண்டு. நிஜமானது இலை வடிவத் தட்டு, மேலே பூச்சு, கம்பித் தடங்கள் வெளியே தெரியாது. தடம் வெளியே தெரியும் மழை சென்சார் தட்டுகள் நிரந்தர ஈரத்தில் அரித்துப்போகும்.

தரவுத்தாளில் மூன்றைப் பாருங்க: மின்சாரம் எத்தனை வோல்ட், ஆர்எஸ்485 கம்பியில் மோட்பஸ் என்ற தகவல் முறைதானா, முகவரியை மாற்ற எந்தப் பதிவேடு. பெரும்பாலும் எல்லாச் சென்சாரும் முகவரி 1 என்றே வரும். ஒரே கம்பியில் இரண்டைக் கோர்த்தால் இரண்டும் சேர்ந்து பதில் சொல்லி எதுவும் படிக்காது. பெட்டி வந்ததும் ஒவ்வொன்றாக இணைத்து முகவரியை மாற்றி, கம்பியில் எண் ஒட்டிடுங்க. இஎஸ்பி32 3.3 வோல்ட் ஆள் என்பதால் ஆர்எஸ்485-ஐ போர்டோடு இணைக்கும் 5 வோல்ட் மேக்ஸ்485 தொகுதிக்குப் பதில் மேக்ஸ்3485 போடுங்க. சென்சாருக்கு 12 வோல்ட் வேண்டுமென்றால் வோல்ட்டை ஏற்றும் பூஸ்ட் கன்வெர்ட்டரை எப்போதும் ஓடவிடாமல், படிக்கும் சில நொடிக்கு மட்டும் மாஸ்ஃபெட் என்ற மின்சுவிட்ச் வழியாகத் திறங்க. இல்லையென்றால் மழைக்காலத்தில் நிழல் மரத்தடியில் சின்ன சோலார் தட்டு ஈடுகொடுக்காது.

லோரா போர்டை உள்நாட்டில் வாங்கும்போது 868 என்று விற்பதை எடுங்க. 433 வேண்டாம், அதன் ரேடியோ முன்பகுதி வேறு. மென்பொருளில் இந்தியாவுக்கான ஐஎன்865 அலைவரிசைத் திட்டத்தைத் தேர்ந்தால் 865.0625, 865.4025, 865.985 மெகாஹெர்ட்ஸ் மூன்று வழிகளும் தானே வரும். 915-க்கு வெட்டிய ஆன்டெனாவைப் போடாதீங்க, 866-க்குக் கால் அலை நீளம் சுமார் 8.7 செ.மீ. ஆன்டெனா இல்லாமல் ஒருபோதும் ஒலிபரப்ப விடாதீங்க, வெளியீட்டுப் பகுதி போயிடும். ஏற்காட்டுச் சரிவில் ஒரு முகடு குறுக்கே வந்தாலே சிக்னல் சாகும். நனைந்த இலையும் நிறையக் குடிக்கும். எல்லா நிலையத்தின் தகவலையும் வாங்கும் கேட்வேயை வீட்டுக் கூரையில் வைப்பதைவிட தோட்டத்தின் உயர்ந்த முகட்டில் ஒரு கம்பத்தில் வைத்தால் பத்து நிலையமும் எட்டும்.

பெட்டி வந்த அன்றே, சீல் உடைப்பதிலிருந்து வெட்டாமல் வீடியோ எடுத்து, எல்லாவற்றையும் ஓட்டிப் பாருங்க. பழுதான பொருளைத் திருப்பி அனுப்பி வரியைத் திரும்பக் கேட்கச் சுங்கச் சட்டத்தில் 26ஏ பிரிவு இருக்கு, ஆனால் விடுவித்த 30 நாளுக்குள் திருப்பி அனுப்பணும், தாள் வேலை நிறைய. இந்தத் தொகைக்கு விற்பவரிடம் மாற்றுப் பொருளோ பணமோ கேட்பதுதான் நடக்கும். மாற்றுப் பொருளுக்கும் வரி வரும் என்பதால் முடிந்தவரை பணத்தையே கேளுங்க. தராவிட்டால் தளத்தில் தகராறு பதிவு, அதற்கும் பிறகு கார்டு வங்கியில் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பக் கேட்பது.

சேர்வராயன்_மிளகு:

ஐஇசி இன்றைக்கே விண்ணப்பிக்கிறேன். கடைசியாக ஒன்று, முகவரி 636601 கொடுத்தால் மலைக்கு மேலே கொண்டுவருவார்களா, சேலத்து வீட்டு முகவரி கொடுக்கணுமா?

சூரமங்கலம்_பார்சல்:

தபாலில் வந்தால் ஏற்காட்டுக்கே வரும், வரியைத் தபால்காரரிடமே கட்டி ரசீது வாங்கலாம். கூரியரில் சில கம்பெனிகள் சேலத்தோடு நிறுத்திவிட்டு வந்து எடுத்துக்கச் சொல்லும். ஆர்டருக்கு முன் பின்கோடு போட்டுப் பாருங்க. எந்த முகவரி கொடுத்தாலும் கேஒய்சி-யில் உள்ள பெயர், ஐஇசி-யில் உள்ள பெயர், பார்சல் மேல் உள்ள பெயர் மூன்றும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்கணும். இனிஷியலை ஒன்றில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் போட்டிருந்தாலே பார்சல் நிற்கும். முகவரி ஆதாரில் உள்ளது இல்லையென்றால் அந்த இடத்தின் மின் கட்டண ரசீது மாதிரி ஒன்றைச் சேர்த்துப் பதிவேற்றுங்க.

தபால் எண் இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் நாட்டின் இரண்டு எழுத்து என்று இருக்கும். அந்த வடிவில் இல்லாத எண்ணை வைத்து "உங்கள் பார்சல் நிற்கிறது, 25 ரூபாய் கட்டுங்கள்" என்று இணைப்போடு வரும் குறுஞ்செய்தி மோசடி. வரியைக் கூரியர் கம்பெனியின் சொந்தத் தளத்தில் நீங்களே போய் டிராக்கிங் எண் போட்டுக் கட்டுங்க. சுங்கத் துறையிலிருந்து என்று கடிதம் வந்தால் அதில் டிஐஎன் என்ற ஆவண எண் இருக்கணும், அதை மறைமுக வரி வாரியமான சிபிஐசி தளத்தில் போட்டு உண்மையா என்று பார்க்கலாம். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்க. பொருள் கைக்கு வந்ததும் கூரியரிடம் பில் ஆஃப் என்ட்ரி நகலை மின்னஞ்சலில் கேட்டு வாங்கி வைங்க. அடுத்த எட்டு சென்சாரை வரவழைக்கும்போது எந்தத் தலைப்பில், என்ன விகிதத்தில் விட்டார்கள் என்பதற்கு அதுதான் ஆதாரம்.